இனிப்புக்குப் பிறகு ஒயின் புளிப்பது ஏன்?

ஒயின் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. ஓர்லாண்டோவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் நடக்கும் உணவுத் திருவிழாவில் பிரான்ஸ் கடையில் வாங்கிய வெள்ளை ஒயின் வாயை இழுக்கிற அளவுக்குப் புளித்தது என்கிறீர்கள். அதற்குச் சற்றுமுன் க்ரெம் ப்ரூலே (மேலே சர்க்கரையை உருக்கிய பிரெஞ்சு கஸ்டர்ட் இனிப்பு) சாப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். நாக்கில் சர்க்கரை இருக்கும்போது இனிப்பில்லாத ஒயினின் புளிப்பு தூக்கலாகத் தெரியும். பாயசம் குடித்த கையோடு மோர் குடித்தால் எப்படியிருக்கும், அப்படித்தான்.

சோதித்துப் பாருங்கள்:

1. தண்ணீரால் வாய் கொப்பளித்து, வெறும் ரொட்டி ஒரு துண்டு மெல்லுங்கள்.

2. அதே ஒயினை மறுபடி ஒரு வாய் குடியுங்கள். புளிப்பு அடங்கினால் ஒயினில் குறையில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், அது கார்க்கில் வரும் கோளாறு.

அடுத்த முறை உப்பான உணவும் சீஸும் முதலில், கனடா கடையின் செடார் சீஸ் சூப் மாதிரி. இனிப்பு கடைசியில். பூங்கா ஏரியைச் சுற்றிக் கடைகள் இருக்கிற வரிசையிலேயே சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நடைதான் கொஞ்சம் கூடும்.

ஒன்று மட்டும்: காரமான உணவுக்கு இந்த வரிசை உதவாது. மது காரத்தை இன்னும் எரிய வைக்கும். அங்கே லேசான இனிப்புள்ள ஜெர்மன் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் சரிப்படும். அப்புறம், புளோரிடா வெயிலில் பிளாஸ்டிக் கோப்பை ஒயின் சீக்கிரம் சூடாகிவிடும், நிழலில் நின்று குடியுங்கள்.