கறிவேப்பிலையைத் தூங்க விடுவதா, விழித்திருக்க விடுவதா?

லண்டன் கிராய்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்று வருடமாகத் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையைப் போன நவம்பரில் வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிருமே என்று ஹாலில் ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரும் ஊற்றினாராம். பொங்கல் வருவதற்குள் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது, தரையெல்லாம் பிசுபிசுப்பு. கோடையில் வெளியே வைத்ததும் எப்படியோ துளிர்த்துக்கொண்டது. இந்த வருடம் தோட்டத்தில் இரண்டு வாழையும் நட்டிருக்கிறார், ஒன்று பச்சை, இன்னொன்று இலையில் சிவப்பு ஓடியது. இரண்டுமே வெளியில் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்களாம். கண்ணாடிக்கூடம் கிடையாது. ஹீட்டிங் இல்லாத கராஜும் மாடியில் தெற்குப் பார்த்த ஒரு சின்ன அறையும்தான் இருக்கின்றன. குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது, மல்லிகையும் வாங்கலாமா என்று கேட்கிறார்.

செப்டம்பரிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. நவம்பரில் கேட்டிருந்தால் பாதி வேலைக்கு நேரம் தாண்டியிருக்கும்.

முதலில் கறிவேப்பிலை. அதைக் குளிர் ஒன்றும் செய்யவில்லை, உங்கள் கவனிப்புத்தான் படுத்தியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூடக் கிடையாது. நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறுகிறது, எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் இறங்கிவிடுகிறது. சென்னையில் வருடத்திலேயே குட்டையான பகல்கூட 11 மணி நேரத்துக்கு மேல். வெளிச்சம் இல்லாமல் இலையால் உணவு தயாரிக்க முடியாது, ஆனால் ரேடியேட்டர் பக்கத்தில் 22 டிகிரி சூடு இருந்தால் செடி பாட்டுக்குச் செலவு செய்துகொண்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும். கையிருப்பு தீர்ந்ததும் இலையை உதிர்க்கும். இலை போனால் தண்ணீர் குடிப்பதும் நின்றுவிடும், அதற்குமேல் நீங்கள் ஊற்றுவதெல்லாம் வேரை அழுகவைக்கத்தான் போகும். போதாக்குறைக்கு அந்த வறண்ட சூட்டுக் காற்று செதில் பூச்சிக்குக் கொண்டாட்டம். தரையில் பிசுபிசுத்தது சாறு குடித்துவிட்டு அது வெளியேற்றிய தேன்கழிவு.

வெப்பநாட்டுச் செடி எதுவானாலும் இங்கே குளிர்காலத்தைத் தாண்ட இரண்டே வழிதான். ஒன்று, முழுதாக விழித்திருக்க வைப்பது, அதற்குச் சூடும் வெளிச்சமும் தண்ணீரும் மூன்றும் சேர்ந்து வேண்டும். முடியாதா, தூங்க வைத்துவிடுங்கள்: குளுமையான இடம், கிட்டத்தட்ட தண்ணீரே இல்லை, தொந்தரவும் இல்லை. நெல்வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்களே, கொஞ்ச நாள் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சுவது, தூங்கும் செடிக்கு இங்கே ஐந்து மாதமும் காய்ச்சல்தான். சூட்டையும் தண்ணீரையும் கொடுத்து வெளிச்சத்தை மட்டும் கொடுக்காமல் விடுவது, அதாவது நம்மில் பலர் ஹாலில் செய்வது, இரண்டிலும் சேராது. அதில்தான் செடி போகிறது.

உங்கள் கறிவேப்பிலைக்கு மாடி அறை சரியான இடம். அங்கே ரேடியேட்டரைக் குறைத்து 10லிருந்து 13 டிகிரிக்குள் நிறுத்த முடிந்தால் செடி அரைத் தூக்கத்தில் கிடக்கும், கொஞ்சம் இலை கொட்டும், கவலை வேண்டாம். ஜன்னலை ஒட்டி வையுங்கள், ஆனால் ராத்திரி திரை இழுக்கும்போது செடி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அந்த இடுக்கில் அறையைவிட எவ்வளவோ குளிர் தங்கும். தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று காலண்டரைப் பார்க்காதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றின அன்றைக்கு ஒருதடவை தூக்கி அந்தக் கனத்தை மனசில் வைத்துக்கொண்டு, காலித் தொட்டி மாதிரி லேசான பிறகு ஒரு டம்ளர், அவ்வளவுதான். மூன்று வாரம் ஆனாலும் ஆகும்.

உள்ளே எடுக்கும் நேரமும் முக்கியம். உறைபனி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். கறிவேப்பிலை மாதிரிச் செடிகளுக்குத் தண்ணீர் உறையும் வரை போக வேண்டியதில்லை, 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தாலே திசு கெட ஆரம்பித்துவிடும். வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் உறையாமலேயே தோல் கறுத்துப் போகிறதல்லவா, அதே சங்கதிதான். இரவு வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டால் எடுத்துவிடுங்கள், தெற்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செடியைப் பாருங்கள். இலையின் அடியில் நடுநரம்பை ஒட்டியும், இலைக்காம்பு தண்டில் சேரும் கவட்டிலும் பாதி உளுந்தைக் கவிழ்த்து ஒட்டின மாதிரி பழுப்பாக ஏதாவது தெரிகிறதா? நகத்தால் நெம்பினால் பொட்டென்று கழன்று வரும், அடியில் ஈரம் இருக்கும். அதுதான் செதில் பூச்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு தண்டாகத் துடையுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் இரண்டாவது தடவை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: புளித்த மோர். ஊரில் மண்ணில் நிற்கும் மரத்துக்கு ஊற்றுவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. இங்கே டிசம்பரில் மூடிய அறைக்குள் தொட்டியில் ஊற்றினால் நாற்றம்தான் மிஞ்சும், கம்போஸ்டில் சின்னக் கறுப்புக் கொசு மாதிரி பூச்சியும் வந்து சேரும். மோரில் மக்கள் எதிர்பார்க்கும் புளிப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது, லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது, கெட்டிலில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும், அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் வரும். அதற்கு மருந்து மழைத்தண்ணீர். ஒரு வாளியை வெளியே வைத்தால் இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

சரி, வாழைக்கு வருவோம். "வெளியில் தாங்கும்" என்ற கடைப்பேச்சை நம்பாமல் லேபிளைப் பாருங்கள். இங்கத்திய தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி செடிகளுக்கு எச்1லிருந்து எச்7 வரை தாங்குதிறன் குறியீடு கொடுக்கிறது. எண் சிறியதாக இருந்தால் செடி நோஞ்சான், எச்2 என்றால் 1லிருந்து 5 டிகிரி வரைதான் தாங்கும், எச்4 என்றால் மைனஸ் 10 வரை. வாழை விஷயத்தில் இதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மேலே இருப்பது செத்தாலும் கீழே கிழங்கு பிழைக்குமா?

உங்கள் பச்சை வாழை பெரும்பாலும் மூசா பாஸ்ஜூ. பெயர் ஜப்பானியப் பெயர், சொந்த ஊர் தென்சீனா. பழம் வந்தாலும் தின்ன முடியாது, இலைக்காகத்தான் வளர்க்கிறோம். நம் வாழை மாதிரியே பக்கக்கன்று விடும், மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருந்தால் போதும். தோண்ட வேண்டாம். முதல் உறைபனியில் இலை கறுத்துத் தொங்கியதும் இலைகளை அறுத்துவிட்டு, தண்டை ஆள் நெஞ்சு உயரத்துக்கு விட்டு, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் கோழிக்கம்பி வலையை வளைத்து நிறுத்தி உள்ளே காய்ந்த வைக்கோலைத் திணியுங்கள். மேலே மழை இறங்காமல் ஒரு பலகையோ தகரமோ. பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றிவிடாதீர்கள், உள்ளே வியர்த்து நாலு வாரத்தில் தண்டு கூழாகிவிடும். வாழைத்தண்டு எவ்வளவு தண்ணீர் பிடித்துவைக்கும் என்று அதை நறுக்கிச் சமைத்த உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஏப்ரலில் பிரிக்கும்போது மேல்பகுதி கொழகொழவென்று இருந்தால் பயப்படாமல் ஒவ்வொரு வில்லையாக அறுத்துக்கொண்டே கீழே வாருங்கள், நடுவில் வெள்ளையாக உறுதியாக ஒரு வட்டம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் பார்த்தால் அந்த வட்டம் அரை அங்குலம் மேலே வந்திருக்கும். அதுதான் குருத்து.

இவ்வளவு வேலை முடியாது என்றால் முழங்கால் உயரத்தில் வெட்டி, அடியில் ஒரு முழத்துக்குக் காய்ந்த சருகைக் குவித்துவிடுங்கள். அடுத்த கோடையில் குட்டையாக வரும், ஆனால் வரும்.

சிவப்பு வாழை கதை வேறு. அது வாழையே கிடையாது, என்செட், எத்தியோப்பியாவில் அடித்தண்டையும் கிழங்கையும் புளிக்கவைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறார்களே அந்தச் செடியின் சிவப்பு வகை. தானாகப் பக்கக்கன்று விடாது, உள்ளே இருக்கும் ஒற்றைக் குருத்து போனால் எல்லாம் போயிற்று. அக்டோபர் நடுவில், உறைபனிக்கு முன்பே தோண்டிவிடுங்கள். நடுக்குருத்தையும் அதை ஒட்டிய ஓரிரு இலையையும் விட்டு மற்றதை அறுத்து, வேரில் மண்ணை உதறி, தலைகீழாக மூன்று நான்கு நாள் சாய்த்து வையுங்கள், மட்டைகளுக்குள் தேங்கிய தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அப்புறம் நிமிர்த்தி, செய்தித்தாளில் சுற்றி, 5 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில் வையுங்கள். தண்ணீரே வேண்டாம்.

அந்த இடம் உங்கள் கராஜா என்பதுதான் கேள்வி. நான் இதில் சூடு பட்டவன். 2010 டிசம்பர் பிரிட்டனில் நூறு வருடத்தில் இல்லாத குளிர் டிசம்பர். கராஜுக்குள்தானே இருக்கிறது என்று ஆள் உயர என்செட்டை இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையிலேயே நிறுத்தியிருந்தேன். ஜனவரியில் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. நாற்றம் வேறு. அதே கராஜில் வீட்டுச் சுவரை ஒட்டி அட்டைப் பெட்டியில் கிடந்த கல்வாழைக் கிழங்குகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆகவே அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி இப்போதே கராஜில் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எந்த மூலை கடைசியாகக் குளிர்கிறதோ அங்கே தரையில் தெர்மோகோல் பலகை போட்டு அதன்மேல் என்செட்டை வையுங்கள். பூஜ்யத்துக்குப் போகும் என்று அறிவிப்பு வந்தால் அந்த இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் வீட்டுக்குள் தூக்கிவந்துவிடலாம்.

தொட்டியில் மஞ்சளோ இஞ்சியோ வைத்திருந்தால் அவை தாமாகவே தூங்கப் போகும் சாதி. இலை பழுத்துச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தித் தொட்டியோடு அப்படியே வீட்டுக்குள் ஒரு அலமாரிக்குக் கீழே தள்ளிவிடுங்கள், கராஜ் குளிர் அவற்றுக்கு ஆகாது. மார்ச்சில் முளை தெரிந்தால் எடுத்துத் தண்ணீர் காட்டலாம்.

மல்லிகை வாங்கலாமா? அடுத்த மே வரை பொறுங்கள். குண்டுமல்லிக்கு வெயில் வேண்டும், மாடி அறை ஜன்னலில் இரண்டு செடிக்கு இடம் இருக்கிறதா என்று இந்தக் குளிர்காலத்தில் தெரிந்துவிடும். விழித்திருக்க வைத்தே தீருவேன் என்றால் செடி வளர்க்கும் எல்இடி விளக்கு ஒன்றை டைமரில் 12 மணி நேரம் எரியவிட்டு அறையை 18 டிகிரியில் வைக்க வேண்டும், மின்கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது கன்று கொண்டுவரலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் நடவுச் செடியை பிரிட்டனுக்குள் கொண்டுவர முடியாது, கறிவேப்பிலையும் மல்லிகையும் இங்கேயே விற்கிறார்கள்.

வசந்தத்தில் அவசரம்தான் எதிரி. ஏப்ரலில் ஒரு வாரம் வெயில் அடித்ததும் எல்லாவற்றையும் வெளியே தூக்கி வைக்கத் தோன்றும், மே நடுவில்கூட ஒரு ராத்திரி பனி விழுந்துவிடும். மே கடைசி வரை பொறுத்து, முதல் பத்துப் பதினைந்து நாள் நிழலில், ராத்திரி உள்ளே என்று பழக்குங்கள். ஐந்து மாதம் வீட்டுக்குள் இருந்த இலை நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெளிறிக் கருகும்.

கடைசியாக, பிப்ரவரியில் கறிவேப்பிலை மொட்டையாக நின்றால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே மார்ச் கடைசியில் வெட்டிவிட்டால் அங்கிருந்து கிளைக்கும். குளிர்காலத்தில் சமையலுக்கு அதிலிருந்து பறிக்க வேண்டாம், ஒவ்வொரு இலையும் அதற்கு வேண்டும். வேண்டியதை இந்த மாதமே பறித்துக் கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். தாளிக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று போடுங்கள், எண்ணெய் தெறிக்கும்.