பழைய சென்சாரா, புது சென்சாரா? ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம். உங்க விண்வெளிக் கட்டுரைகளை விடாம படிக்கிறேன். இன்ஜினியரிங் மூணாவது வருஷம், காலேஜ்ல ஒரு சின்ன சாட்டிலைட் பண்றோம், கேமரா பொறுப்பு எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும். வெளிச்சத்தைப் படமா மாத்துற சிப் இருக்கே, சென்சார், அதுல அவன் போன வருஷம் வந்ததுதான் வேணும்கிறான், நான் பத்து வருஷமா புழக்கத்துல இருக்குற ஒண்ணைச் சொல்றேன். செவ்வாய்ல ஓடுற நாசாவோட பெர்சிவரன்ஸ் ரோவரோட முக்கியமான கலர் கேமராவே 2 மெகாபிக்சல்தான்டான்னு காட்டினேன். "என் போன்லயே 50 இருக்கு, நாசா பழசைத் தூக்கிட்டுப் போனா நாமளும் போகணுமா"ங்கிறான். யார் சொல்றது சரி?

தம்பி,

ரெண்டு பேருமே வருஷத்தை வச்சு சண்டை போடுறீங்க, அதான் முடிய மாட்டேங்குது. அந்தக் கேமரா செத்துப்போனா மிஷனுக்கு என்ன ஆகும்னு முதல்ல கேளுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

பெர்சிவரன்ஸ்ல நீங்க சொல்றது மாஸ்ட்கேம்-இசட். 1600க்கு 1200, கோடாக் டிசைன் பண்ண சிசிடி, அதாவது பழைய ரக சென்சார். 2012ல செவ்வாய்ல இறங்கின கியூரியாசிட்டி ரோவர்லயும் இதே சென்சார்தான், அந்தக் கேமராக்களோட திட்டமே 2004ல போட்டது. ஆனா ஒண்ணு கவனிங்க, சென்சாரை அப்படியே வச்சுக்கிட்டு லென்ஸை மாத்திட்டாங்க. கியூரியாசிட்டில 34 எம்எம் ஒண்ணு, 100 எம்எம் ஒண்ணு, ரெண்டும் ஃபிக்ஸட். பெர்சிவரன்ஸ்ல 26ல இருந்து 110 வரைக்கும் ஜூம். இன்னொண்ணு, அதே ரோவர் வழி பார்த்து ஓட்டுற நாவ்கேம் 20 மெகாபிக்சல், போன்கள்ல வர்ற மாதிரி புது ரக சிமாஸ் சென்சார். அதனால நாசா பழசைத்தான் தூக்கிட்டுப் போகும்ங்கிறதே பாதிதான் உண்மை, ஒரே கம்பத்துல ரெண்டு தலைமுறை உட்கார்ந்திருக்கு.

50 மெகாபிக்சல் கணக்கையும் பார்த்துடலாம். செவ்வாயைச் சுத்துற எம்ஆர்ஓ ஆர்பிட்டர் கியூரியாசிட்டி தலைக்கு மேல வர்றப்ப டேட்டா அனுப்ப ஒரு 8 நிமிஷம் கிடைக்கும், அதுல போறது 100ல இருந்து 250 மெகாபிட். உங்க ஃப்ரெண்டு போன்ல கம்ப்ரெஸ் பண்ணாத ஒரு 50 மெகாபிக்சல் படம், பிக்சலுக்கு 10 பிட்னு வச்சாலே 500 மெகாபிட் ஆயிடும், அதாவது ஒரே படத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு தடவை ஆர்பிட்டருக்காகக் காத்திருக்கணும். மலையும் கல்லும் எங்கயும் ஓடிப்போகாது, சின்னச் சின்னதா எடுத்து ஒட்டிக்கலாம். 2019 கடைசில கியூரியாசிட்டி ஆயிரத்துக்கு மேல படம் எடுத்து ஒட்டினது 180 கோடி பிக்சல் பனோரமா. அந்த சென்சார்ல ஒரு பிக்சலோட அகலம் 7.4 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), போன்ல சுமாரா ஒரு மைக்ரான், வெளிச்சம் வாங்குற பரப்புல எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பழசோட பெரிய பலம், அது எப்படிக் கெடும்னு நமக்குத் தெரியும்ங்கிறது. வியாழன் கிரகத்துக்குப் போன ஜூனோ விண்கலத்தோட ஜூனோகேம் கேமராவுலயும் கோடாக்கோட இதே ரக சென்சார்தான். கதிர்வீச்சைத் தடுக்குற டைட்டானியம் பெட்டிக்கு வெளிய இருக்கு, வியாழனோட முதல் 8 சுத்து தாங்கும்னுதான் நம்பினாங்க. 47வது சுத்துலதான் பழுது தெரிய ஆரம்பிச்சுது, 56வது சுத்துல கிட்டத்தட்ட எல்லாப் படமும் கோடு கோடா நாசம். பவர் சப்ளைல வோல்டேஜ் ரெகுலேட்டர் அடிவாங்கியிருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. அத்தனை கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் யாரு ஸ்க்ரூடிரைவரோட போறது? கேமராவுக்குன்னு இருந்த ஒரே ஹீட்டரைப் போட்டு வழக்கத்தைவிட ரொம்ப அதிகமா, 25 டிகிரி வரைக்கும் சூடு பண்ணிப் பார்த்தாங்க. சூடு பட்டா சிலிக்கான்ல இருக்குற கோளாறு சில சமயம் குறையும், அனீலிங்னு சொல்வாங்க. முதல் தடவை கொஞ்ச நாள் நின்னுது, திரும்பக் கெட்டுப்போச்சு. வியாழனோட அயோ நிலாவை நெருங்க சில நாளே இருந்தப்ப ஹீட்டரை முழுசா ஏத்தி விட்டாங்க, முதல்ல ஒண்ணும் மாறல, நாள் நெருங்க நெருங்க படம் தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு. 2023 டிசம்பர் 30, அயோவுக்கு 1500 கிலோமீட்டர் பக்கத்துல போனப்ப வந்த படங்கள் கிட்டத்தட்ட கிளம்பின நாள் தரத்துல இருந்துச்சு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல தம்பி, அவ்வளவு சந்தோஷம்.

அதுக்காக உங்க ஃப்ரெண்டு தப்புன்னு ஆயிடாது. பெர்சிவரன்ஸ் கூடவே செவ்வாய்க்குப் போன இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டர்ல இருந்தது போன்ல வர்ற ஸ்னாப்டிராகன் 801 சிப், 13 மெகாபிக்சல் கலர் கேமரா, எல்லாம் கடைச்சரக்கு. அஞ்சு தடவை பறந்தா போதும்னு அனுப்பினது 72 தடவை பறந்துச்சு. ஏன் துணிஞ்சாங்கன்னா அது விழுந்தாலும் ரோவர் வேலை நிக்காது. ரோவர் இறங்குறதைப் படம்பிடிச்ச கேமராக்களும் அப்படித்தான், கடைச்சரக்குல பாராசூட் விரியுற வீடியோ அட்டகாசமா வந்துச்சு, கூடப் போன மைக் இறங்குறப்ப ஒண்ணும் பதிவு பண்ணல, ரோவர் பாட்டுக்கு இறங்கிருச்சு.

ஆள் இருக்குற இடத்துல இன்னும் சுலபம். விண்வெளி நிலையத்துக்கு 2024ல நிக்கான் இசட்9 கேமரா போச்சு, நிலாவுல நடக்குறவங்களுக்கும் அதைத்தான் மாத்தி அமைக்கிறாங்க, தடிமனான கையுறையோட அமுக்குற மாதிரி பட்டன், மேல வெப்பத்தைத் தாங்குற போர்வை. காஸ்மிக் கதிர் படத்துல புள்ளி புள்ளியா விழும்ங்கிறதால நிலையத்துக்குப் போன இசட்9ல 1/500 நொடி ஷட்டர் வேகத்துல இருந்தே புள்ளிகளைத் துடைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை செய்ற மாதிரி கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரை (ஃபர்ம்வேர்) மாத்தியிருக்காங்க. கெட்டா வேற ஒண்ணை எடுத்துக்கலாம், ஆள் பக்கத்துலயே இருக்கு.

உங்க சாட்டிலைட்டுக்கு வருவோம். படம் எடுக்குறதுதான் வேலைன்னா கேமரா போனா எல்லாமே போச்சு, அதனால நான் உங்க பக்கம். ஆனா பழசுங்கிறதுக்காக இல்ல, முழு டேட்டாஷீட் கிடைக்கணும், சென்சாரை ஓட்டுற டிரைவர் கோட் உங்களுக்கே அத்துப்படியா இருக்கணும், ஒரே பேட்ச்ல நாலஞ்சு வாங்கி ஒண்ணை வேக்குவம் சேம்பர்ல போட்டு வாட்டணும். லென்ஸ் ஒட்டின பசை வேக்குவத்துல ஆவியாகி கண்ணாடி மேலயே படியும், அதைக் கட்டாயம் பாருங்க. சாட்டிலைட் நொடிக்கு 7.5 கிலோமீட்டர் போகும், படத்தை வரிவரியா எடுக்குற ரோலிங் ஷட்டரா, மொத்தமா ஒரே நேரத்துல எடுக்குற குளோபல் ஷட்டராங்கிறதை மெகாபிக்சலுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க. எடையும் இடமும் மிச்சமிருந்தா ஃப்ரெண்டோட சென்சாரை ரெண்டாவது கேமராவா வைங்க, பவர் லைன் மட்டும் தனியா இருக்கட்டும், அது செத்தா முதல் கேமராவையும் சேர்த்து இழுத்துட்டுப் போகக்கூடாது.

டெஸ்ட் முடிஞ்சதும் லென்ஸை மூடி எடுத்த டார்க் ஃப்ரேம், ரெண்டு சென்சார்லயும், சூட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எனக்கு அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.