பாயிண்ட் ஏறுகிறது, பாடம் ஏறவில்லை

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஊழியர் பயிற்சியை நான்தான் கவனிக்கிறேன். தகவல் பாதுகாப்பு கோர்ஸை யாரும் முடிப்பதில்லை என்று பாயிண்ட், பேட்ஜ், யார் முன்னிலை என்று காட்டும் லீடர்போர்டு எல்லாம் போட்டு விளையாட்டாக மாற்றினோம். முதல் மாதம் ஒரே ஆரவாரம். இப்போது முதல் பத்து இடத்திலும் அதே ஆட்கள்தான், மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கொடுமை என்னவென்றால், முதலிடத்தில் இருப்பவரே போன வாரம் ஒரு போலி மெயிலை நம்பி லிங்க்கை அமுக்கிவிட்டார். இப்படிப் பாடத்தை விளையாட்டாக்கும் கேமிஃபிகேஷன் என்பதே பம்மாத்துதானா?

பதில்: பம்மாத்து இல்லை. அந்த முதலிடத்துக்காரர் எதற்கெல்லாம் பாயிண்ட் வாங்கினார் என்று கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வீடியோவை ஓடவிட்டதற்கு, அடுத்த பக்கம் போனதற்கு, மூன்றாவது முயற்சியில் சரியான விடையை அமுக்கியதற்கு, இப்படித்தான் இருக்கும். எதற்குப் பாயிண்ட் தருகிறீர்களோ அதைத்தானே செய்வார்கள்? வீடியோவை மியூட்டில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்திருந்தால்கூட அவரைக் குறை சொல்ல முடியாது, ஆட்டத்தின் விதி அப்படி.

போலி மெயிலை அடையாளம் காண வேண்டும் என்பதுதானே நோக்கம்? சரி, அதையே ஆட்டமாக்குங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அவ்வப்போது நீங்களே ஒரு போலி மெயில் அனுப்புங்கள். அனுப்புநர் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கட்டும், 'இன்று மாலைக்குள் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் கணக்கு முடங்கும்' என்று அவசரப்படுத்தட்டும். சந்தேகப்பட்டு ஐ.டி. பிரிவுக்குத் தெரிவிப்பவருக்குப் பாயிண்ட். ஏமாந்தவருக்கு எந்த இடத்தில் கோட்டைவிட்டார் என்று அப்போதே திரையில் காட்டினால் போதும், பாயிண்டைக் கழிக்காதீர்கள். கழித்தால், நாளைக்கு நிஜமான மெயிலில் சிக்குபவர் வாயே திறக்க மாட்டார், அதுதான் பெரிய ஆபத்து.

அப்புறம், வினாடி வினாவை ஒரே நாளில் முடித்துவிடாமல், தப்பு விட்ட கேள்விகள் சில நாள் கழித்துத் திரும்பி வரும்படி வையுங்கள். படித்ததையே மறுபடி படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்தது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள்.

லீடர்போர்டு விஷயம். முதல் பத்துப் பேரை மட்டும் காட்டும் பட்டியல், நூறாவது இடத்தில் இருப்பவருக்கு எதைத் தரும்? அவருக்கு மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் மட்டும் தெரிந்தால் முயன்று பார்க்கத் தோன்றும். மாதம் பிறந்தால் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். இதைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போடவே போடாதீர்கள், விளையாட்டு மிரட்டலாகிவிடும். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைப் பிரிவில் யார் எவ்வளவு வேகம் என்று பெயரோடு திரையில் காட்டினார்கள், 2011-இல் அது செய்தியானது. ஊழியர்கள் அந்தத் திரைக்கு வைத்த பெயர் 'எலக்ட்ரானிக் சாட்டை'!

கேள்வி: பரிசுக் கூப்பன் கொடுத்தால் ஆர்வம் கூடாதா?

பதில்: யாருமே சீண்டாத, வறட்டுத்தனமான பாடம் என்றால் தொடங்கி வைக்க உதவும். ஏற்கெனவே விரும்பிக் கற்பவர்களிடம் நீட்டாதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்த குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. பெரியவர்களும் அச்சு அசலாக அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கொடுப்பதென்றால் சொல்லாமல் கொடுங்கள்.

கேள்வி: விளையாட்டே பிடிக்காதவர்களை என்ன செய்வது?

பதில்: விட்டுவிடுங்கள். வேலையிடத்து விளையாட்டை மனதார ஏற்றுக்கொண்டவர்களுக்கு உற்சாகம் கூடியது, ஏற்காதவர்களுக்கு இருந்ததும் குறைந்தது என்று மேலாண்மை ஆய்வாளர்கள் மோலிக்கும் ரோத்பார்டும் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். கட்டாய ஜாலி யாருக்கு வேண்டும்? அதே பாடம், அதே தேர்வு, பாயிண்டும் பேட்ஜும் இல்லாமல் முடிக்க ஒரு வழி வையுங்கள், லீடர்போர்டில் பெயர் வராதபடி அணைத்து வைக்க ஒரு பட்டனும்.