அண்ணாச்சி பதில்கள்: ஆணிப் பலகையும் ஆட்டின் ராணியும்

கேள்வி: 1930-களில் அமெரிக்காவில் செய்த, காசு போட்டு, ஆணி அடித்த சரிவுப் பலகையில் கோலியை உருட்டி ஆடும் பின்பால் பெட்டியின் படம் பார்த்தேன். கரண்ட் கிடையாதாம். பலகை முழுக்கச் சீட்டுக்கட்டுப் படம். அது எப்படி ஓடும் அண்ணாச்சி? சீட்டு எதற்கு?
(வாசகர், தக்கலை)

நல்ல கேள்வி தம்பி. வடசேரியில் கடிகாரம் ரிப்பேர் பார்த்த நாட்களில், காசு போட்டால் எடைச்சீட்டு தரும் மெஷினையும் பிரித்து மாட்டியிருக்கிறேன். காசு எடையாகவோ சாவியாகவோ வேலை செய்யும், அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியில் அது சாவி. சறுக்குத் தட்டில் காசை வைத்துத் தள்ளினால், பலகைக்கு அடியில் இருக்கும் இன்னொரு தட்டு நகரும். முந்தைய ஆட்டத்தில் குழிகளில் தங்கிய கோலிகள் பொலபொலவென்று கீழே விழுந்து முன்பக்கம் உருண்டு வரும். ஒரு நெம்புகோல் அவற்றை ஒவ்வொன்றாக மேலே தூக்கிவிடும். அப்புறம் ஸ்பிரிங் கம்பியை இழுத்து விடவேண்டியதுதான். அந்தக் கம்பிக்கு மாண்டேக் ரெட்கிரேவ் 1871-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். காட்லீப் கம்பெனியின் 'பேஃபிள் பால்' பெட்டி 1931-ல் வந்து இந்தப் பெட்டிகளைக் கடைக்குக் கடை கொண்டுபோனது. கோலியைத் தட்டிவிடும் ஃபிளிப்பர் 1947-ல்தான். அதுவரை ஆணிகளில் பட்டுப்பட்டு அது போன வழிதான் வழி. பெட்டியை ஆட்டிப் பார்த்தவர்களை அடக்க, ஆட்டியதைக் காட்டிக்கொடுக்கும் 'டில்ட்' பொறியை ஹாரி வில்லியம்ஸ் கொண்டுவந்தார்.

இனி சீட்டுக்கு வருவோம். விளக்கெரியும் எண் பலகை இல்லாதபோது, எந்தக் குழியில் எத்தனை என்று ஆடுகிறவரே கூட்ட வேண்டும். குழிக்குக் குழி சீட்டுப் படம் போட்டுவிட்டால் கூட்டல் இல்லை. ஐந்து கோலி, ஐந்து சீட்டு, ஒரு போக்கர் கை (போக்கர் என்பது ஐந்து சீட்டின் சேர்க்கையை வைத்து ஜெயிக்கும் சீட்டாட்டம்). இரண்டு ராணி விழுந்தால் ஜோடி, மூன்றாவதாக ஆட்டின் (ஹார்ட்) ராணியும் வந்தால் அதைவிட மேல். கடையில் நிற்கிற எல்லாருக்கும் பார்த்ததுமே புரியும். படம் போட்டவரின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் என்பேன்.

சீட்டையும் காசையும் முதலில் சேர்த்தது பின்பால்காரர்கள் இல்லை. 1891-லேயே புரூக்ளினில் சிட்மன் அண்ட் பிட் நிறுவனம் ஐந்து உருளைகளில் 50 சீட்டு மாட்டிய போக்கர் மெஷின் செய்தது. வழக்கமாக இஸ்பேட் பத்தையும் ஆட்டின் ஜாக்கியையும் எடுத்துவிடுவார்கள். ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் சேர்ந்தால் ராயல் ஃபிளஷ், அதுதான் பெரிய கை. நாலு ராயல் ஃபிளஷில் இரண்டு அங்கேயே போச்சு! ஜெயித்தால் பீர் அல்லது சுருட்டு கடைக்காரர் தருவார். இப்படிச் சூதாட்ட வாடை ஒட்டிக்கொண்டதால் நியூயார்க்கில் 1942-ல் பின்பாலுக்கே தடை வந்தது, 1976 வரை. கைத்திறனுக்கு இடமுள்ள ஆட்டத்துக்கு அது ரொம்ப நீண்ட தண்டனை.

கேள்வி: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒன்று செய்யலாமா?
(வாசகி, குலசேகரம்)

தாராளமாக. உங்கள் பக்கம் ரப்பர் மரப் பலகைக்கா பஞ்சம்? பின்பக்கத்தை ஒன்றரை இஞ்ச் தூக்கி வையுங்கள். கோலி போகவேண்டிய இடத்தில், ஆணிக்கு ஆணி இடைவெளி கோலியைவிட ஒரு நூல் கூடுதலாக இருக்கட்டும். பழைய சீட்டுக்கட்டை வெட்டிக் குழிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும்.