சத்தம் எப்போது வருகிறது? வாஷிங் மெஷின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "மெஷினில் சத்தம் வருகிறது, என்ன செய்யலாம்?" என்பதோடு நின்றுவிடுகின்றன. துவைக்கும்போதா, தண்ணீர் வெளியேறும்போதா, பிழியும்போதா என்று எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அந்த ஒரு விவரம் இருந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே பழுது எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஃப்ரண்ட் லோடு மெஷின் பிழியும்போது விமானம் கிளம்புவது போல இரைகிறது. துவைக்கும்போது அவ்வளவு இல்லை. எட்டு வருட மெஷின். நானே சரி செய்ய முடியுமா?

வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் பேரிங்தான், அதாவது டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கதவைத் திறந்து காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் சத்தமே இருக்காது. கெட்டது என்றால் உள்ளே மணல் அரைபடுவது போலக் கையிலேயே தெரியும். அப்புறம் டிரம்மின் உள்விளிம்பை மேல்பக்கம் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டிரம்மும் அதைச் சுற்றியுள்ள, தண்ணீர் நிற்கும் வெளித் தொட்டியான டப்பும் சேர்ந்து ஆடினால் பயமில்லை, ஸ்பிரிங்கில் தொங்குவதால் அப்படித்தான் ஆடும். டிரம் மட்டும் தனியாக 'டொக் டொக்' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது.

இரண்டிலும் தெளிவாகவில்லையா? பின்பக்க மூடியைக் கழற்றுங்கள். பெல்ட் உள்ள மாடல் என்றால் பெல்ட்டை எடுத்துவிட்டு டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் பேரிங், சத்தம் நின்றால் மோட்டார் பக்கம் தேட வேண்டும். டப்பின் பின்புற நடுவில் துருக்கறை வழிந்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். பேரிங் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அதற்கு முன்னால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, சோப்புத் தண்ணீர் உள்ளே போய், கிரீஸைக் கழுவிவிட்டுத் துருவை விட்டுச் செல்கிறது. அதனால் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு பழைய சீலையே திரும்பப் போடுவது வீண் வேலை.

நீங்களே செய்யலாமா என்றால், டப் எப்படி மூடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுற்றிலும் ஸ்க்ரூ இருந்தால் பிரிக்கலாம். ஓரத்தை உருக்கி ஒட்டியிருந்தால் பிரிக்க வழியில்லை, டப்பை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பிரிக்கக்கூடியது என்றாலும் எடைக்கல், ஹீட்டர், மோட்டார், வயர்கள் எல்லாம் கழன்ற பிறகுதான் டப் வெளியே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேரிங்கின் விளிம்பில் 6205, 6206 போல ஓர் எண் இருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வரும், அதாவது 25, 30. பெரும்பாலான மெஷின்களில் அளவு வேறுபட்ட இரண்டு பேரிங் இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். உள் வளையத்தில் சுத்தியல் பட்டால் புதுப் பேரிங்கும் அன்றே பழசு.

என் கருத்தைக் கேட்டால், இதுவரை ஒரு பெல்ட்கூட மாற்றாதவர் பேரிங்கில் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: டிரம் சுற்றும்போது தகரத்தில் ஆணியால் கீறுவது போலச் சத்தம். அவ்வப்போது 'டிக் டிக்' என்றும் கேட்கிறது.

ஏதோ ஒன்று துணியிலிருந்து விழுந்திருக்கிறது. நாணயம், ஊக்கு, உள்ளாடையின் கம்பி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். டிரம்மின் துளைகளுக்குள் டார்ச் அடித்தபடி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கம்பி என்றால் நுனி துளை வழியாக நீட்டிக்கொண்டிருக்கும், குறடால் பிடித்து இழுத்துவிடலாம்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் முன்பக்கம் கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து, வெளியேறும் தண்ணீரை வடிகட்டும் டிரெயின் ஃபில்டரைப் பாருங்கள். ஒரு தட்டையான தட்டும் பழைய துணியும் பக்கத்தில் இருக்கட்டும். அங்கேயே சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதன் வழியாக முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஃபில்டரை ஒரே மூச்சில் கழற்றினால் தரை குளமாகும். ஃபில்டர் வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் பம்பின் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டு, தயங்கித் தயங்கித் திரும்பும். அது காந்தத்தின் வேலை, பழுது என்று நினைத்து பம்பை மாற்றிவிடாதீர்கள். முடி, நூல் சுற்றியிருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு கீறல் சத்தத்தைப் பேரிங் என்று முடிவு கட்டி, ஒரு மெஷினை முழுக்கப் பிரித்துத் தரையில் பரப்பினேன். டப்பைத் திறந்ததும் அடியில் ஒரு சட்டைப் பட்டனும் இரண்டு ஹேர்பின்னும் கிடந்தன. ஹீட்டரை மட்டும் கழற்றியிருந்தால் அந்தத் துவாரம் வழியாகவே எடுத்திருக்கலாம். பேரிங் புத்தம் புதிதாக இருந்தது.

கேள்வி: வீடு மாறிய பிறகு மெஷின் பிழியும்போது நடந்தே ஒரு அடி நகர்ந்துவிடுகிறது.

கொண்டு வரும்போது பின்பக்கம் டிரான்சிட் போல்ட் (வண்டியில் டப் ஆடாமல் பிடித்து வைக்கும் போல்ட்) போட்டீர்களா? போட்டிருந்தால், எடுத்தீர்களா? அதைக் கழற்றாமல் ஓட்டினால் டப் அசைய இடமில்லாமல் மொத்த மெஷினும் குதிக்கும். போடாமலே வண்டியில் ஏற்றியிருந்தால் ஷாக் அப்சார்பரோ ஸ்பிரிங்கோ அடி வாங்கியிருக்கலாம். சரிபார்க்க, டப்பைக் கீழே அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு முறை மேலே வந்து நிற்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் மெஷின் தரையில் மட்டமாக நிற்காததுதான் காரணம். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து அழுத்துங்கள், ஆடுகிற காலைத் திருகி உயர்த்துங்கள், பிறகு லாக் நட்டை மேலே இறுக்குங்கள். இந்த நட்டை மறப்பவர்கள்தான் ஒரு மாதத்தில் மறுபடியும் எழுதுகிறார்கள்.

கேள்வி: டாப் லோடு மெஷின். பிழியும்போது டப் பக்கத்தில் 'டமார் டமார்' என்று மோதி நின்றுவிடுகிறது.

ஒரே ஒரு கனமான போர்வை மட்டும் போட்டால் நல்ல மெஷினும் இப்படித்தான் மோதும். இரண்டு மூன்று துணிகளைச் சேர்த்துச் சுற்றிலும் பரவலாகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மோதினால், டப்பைத் தாங்கும் நான்கு சஸ்பென்ஷன் ராடுகளில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. டப் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதே அடையாளம். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய மூன்றும் புதியதும் ஒத்துப்போகாது, நான்கையும் மாற்றுங்கள்.

கேள்வி: செமி ஆட்டோமேட்டிக். ஸ்பின் பக்கம் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை.

பிளக்கை உருவிவிட்டு ஸ்பின் டப்பைக் கையால் சுற்றுங்கள். மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருக்கும், அதனால் மூடியின் நெம்புகோலை அழுத்திக்கொண்டு சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் வயர் தளர்ந்து பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம், அல்லது ஒரு காலுறையோ கைக்குட்டையோ டப்புக்கு அடியில் போய்ச் சிக்கியிருக்கலாம். துணிக்கு மேலே வைக்கும் வட்டத் தட்டை வைக்காமல் ஓட்டுகிற வீடுகளில் இது சகஜம்.

டப் லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் முனகல் மட்டும்தான் என்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றுவது எளிது, ஆனால் பிளக்கை உருவிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். வெறுங்கையால் முனைகளைத் தொடாதீர்கள். ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரையும் முனைகளில் வைத்து, அந்த மின்சாரத்தை முதலில் இறக்குங்கள். புதியதில் மைக்ரோஃபாரட் எண் அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது.

கேள்வி: தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, நிரம்பவே மாட்டேன் என்கிறது.

வெளியேற்றும் குழாய் தரையில் கிடக்கிறதா? டப்பின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் ஏறுகிற தண்ணீர் தானே வழிந்துபோகும். குழாய் சரியாக இருந்து, தண்ணீர்க் குழாய் திறந்திருக்க, பிளக்கை உருவிய பிறகும் மெஷினுக்குள் தண்ணீர் சொட்டினால், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வை மாற்ற வேண்டும்.

கேள்வி: கீச் சத்தத்துக்குப் பெல்ட்டில் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். ரப்பர் ஊறி இன்னும் வழுக்கும். பெல்ட்டில் விரிசலோ பளபளப்போ தெரிந்தால் புதியது போடுங்கள்.

கேள்வி: மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு பயன்படுத்துகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. எர்த் சரியில்லாத பாயிண்ட்டில் செருகினால், பழுதே இல்லாத மெஷினின் உடம்பிலும் இந்தச் சுருசுருப்பு வரும். உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கசிவது அது. ஆனால் ஹீட்டர் வெடித்துக் கசிந்தாலும், எலி வயரைக் கடித்திருந்தாலும் ஆரம்பம் இதே மாதிரிதான் இருக்கும். தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள இடம் என்பதால் செருப்பை நம்ப வேண்டாம். பிளக்கை உருவிவிட்டு, முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து பாயிண்ட்டின் எர்த்தைச் சோதியுங்கள், அடுத்து மெஷினின் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை துணியைக் கையாலேயே துவைத்துக்கொள்ளுங்கள்.