கேமரா வாங்கும் முன் ஒரு முகூர்த்த சீசன்

அன்புள்ள அம்மா,

மகன் பிளஸ் டூவில் வணிகவியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறார், பி.காம். சேரச் சொன்னால் போட்டோகிராபிதான் என் தொழில் என்கிறார், கேமராவுக்கு நாலு லட்சம் கேட்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்காக இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை.

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, யார் காசு கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஃபிலிம் ரோல் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிழைப்பு போயே போய்விட்டது. ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மத்திய அரசு ஆலையாக இருந்தும் தப்பவில்லை. 1975-லேயே டிஜிட்டல் கேமராவைத் தன் ஆய்வகத்தில் செய்து பார்த்த கோடாக் நிறுவனமே 2012-ல் திவால் மனு போட்டது. பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலும் ஆதார் மையத்திலும் அவர்களே படம் எடுத்துக்கொள்வதால், தெருமுனை ஸ்டுடியோவில் அந்தக் கூட்டமும் குறைந்துவிட்டது.

ஆனால் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஐம்பது செல்போன்கள் மேலே எழும். ஹோமப் புகை, பறக்கும் அட்சதை, குனிந்த தலைகள், பின்னால் எல்இடி திரையின் வெளிச்சம். இதற்கு நடுவே முடிச்சுப் போடும் நாத்தனாரின் கையும் பெண்ணின் முகமும் ஒரே படத்தில் வர வேண்டும். இன்னொரு தடவை கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. இதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள், இன்னமும் கொடுக்கிறார்கள்.

தம்பி யோசிக்காத விஷயம் பஞ்சாங்கம். ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. புரட்டாசியில் பல வீடுகளில் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் கொஞ்சம்தான். அதிலும் வளர்பிறைதான் வேண்டும் என்பவர்கள் அதிகம். ஒரே தேதிக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள், ஒருவர் வீட்டுக்குத்தான் போக முடியும். அப்புறம் மூன்று வாரம் போன் அடிக்காது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களின் ஆர்டர் வைத்திருப்பவர்களுக்கு ஆடி அவ்வளவு வறளாது. விவரமானவர்கள் இந்த மாதங்களில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கேட்டலாக், ஆன்லைனில் விற்கும் புடவைக் கடைகள், உணவு ஆப்பில் போடும் ஓட்டல் படங்கள் என்று வேலை இருக்கிறது. இவற்றுக்கு முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லை, மேடை அலங்காரமும் தேவையில்லை. ஒரு மேசை, இரண்டு லைட், பொறுமை போதும். சம்பளம் மாதாமாதம் வரும். இளைஞர்களுக்கு இது ஏனோ கவுரவமாகத் தெரிவதில்லை. எனக்கென்னவோ வருங்காலம் இந்தப் பக்கம்தான் அதிகம் இருப்பதாகப் படுகிறது.

இனி பணம். கணக்குப் புரிவதற்காக ஒரு கல்யாண ஆர்டர் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கேண்டிட், அதாவது போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் படங்களை, தம்பி எடுப்பார். மேடையில் நிற்கவைத்து எடுக்கும் டிரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், லைட் பிடிக்க ஒரு பையன் என்று இவர்களுக்கு 35,000. ஆல்பம் டிசைனும் பிரிண்டும் 18,000. வீடியோ எடிட்டிங் 12,000. வண்டி, சாப்பாடு 5,000. மீதி 30,000. வருடத்துக்கு 20 ஆர்டர் கிடைத்தால் ஆறு லட்சம். அதில் கேமராவும் மற்றதும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய்க் கருவிகள் நாலு வருடத்தில் பழசாகிவிடும் என்று கொண்டால் வருடத்துக்கு 1,25,000 கழிக்க வேண்டும். மாதத்துக்கு நாற்பதாயிரத்தை எட்டவில்லை, கடை வாடகை இன்னும் சேர்க்கவில்லை. புதிதாக வரும் ஒருவருக்கு முதல் வருடமே 20 ஆர்டர் கிடைப்பதும் கஷ்டம். தம்பியை இந்தத் தாளில் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காமர்ஸ் படித்தவர்தானே.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 20 ஆர்டர் என்றால் மொத்த வரவு 20 லட்சம். சேவைத் தொழிலில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பும் ஆண்டுக்கு அதே 20 லட்சம். நம் கையில் நின்ற ஆறு லட்சத்தை வரித்துறையினர் பார்ப்பதில்லை, மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள். தாண்டினால் பதிவு செய்து 18 சதவீதம் வசூலிக்க வேண்டும். இதை ஆர்டர் பேசும்போதே சொல்லாதவர்கள் கடைசியில் கைக்காசிலிருந்து கட்டுகிறார்கள்.

டிஜிட்டலில் படம் எடுப்பது சுலபமாகிவிட்டது, எடுத்த பிறகான வேலைதான் பெருகிவிட்டது. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்தால் 4,000 படம் சாதாரணம். கேமரா பதிந்தபடியே இருக்கும், திருத்தாத ரா ஃபைல் ஒன்று 30 எம்பி என்றால் 120 ஜிபி. ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்து அது கெட்டுப்போனால், அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். கேமராவிலும் இரண்டு மெமரி கார்டு போடும் ஸ்லாட் இருக்க வேண்டும். ஆல்பத்தை ஆறு மாதம் இழுத்தடித்தவருக்கு அந்த மண்டபத்திலிருந்து அடுத்த ஆர்டர் வராது, படம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சரி. படங்களைப் பொறுக்கி நிறம் திருத்துவதை இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களே பாதி செய்துவிடுகின்றன. எடிட்டிங் மட்டும் கற்றுக்கொண்டு பிழைக்கலாம் என்று தம்பி நினைத்தால் அது சரிவராது.

ஆர்டரை வாய்ப்பேச்சில் விடக் கூடாது. தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை ஆள், ஆல்பத்தில் எத்தனை தாள், அட்வான்ஸ் எவ்வளவு, தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னாகும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவையும் தம்பி படிக்கட்டும். ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். நான்தானே எடுத்தேன் என்று மணப்பெண்ணின் படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட்டு வம்பில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அனுமதியையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடலாம். டிரோன் ஆசை இருந்தால் 2021 டிரோன் விதிகளும் உண்டு. 250 கிராமைத் தாண்டிய டிரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

படிப்பு? பி.காம். சேர்வது கேமராவுக்கு எதிரி இல்லை, சனி ஞாயிறு மண்டபத்துக்குப் போகலாம். விஸ்காம் எனப்படும் விஷுவல் கம்யூனிகேஷன் என்றால் பல கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. ஆனால் அது விளம்பரம், இதழியல், கிராஃபிக்ஸ் எல்லாம் கலந்த படிப்பு. சேரும் முன் மாணவர் கைக்கு எத்தனை கேமரா வரும் என்று கேட்டுவிடுங்கள். சினிமா ஒளிப்பதிவுதான் இலக்கு என்றால் தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தில் பட்டப்படிப்பு உண்டு. டிகிரி முடித்த பிறகு காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் போட்டோகிராபி டிசைன் படிக்கலாம்.

இப்போதைக்கு என் யோசனை இதுதான். ஒரு முகூர்த்த சீசன் முழுக்க, உங்கள் ஊரில் நன்றாகத் தொழில் செய்யும் ஒருவரிடம் தம்பி உதவியாளராகப் போகட்டும். முதலில் லைட் பிடிக்க விடுவார்கள், கார்டு காப்பி போட விடுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போய், பந்தி முடிந்த பிறகு சாப்பிட்டு வரட்டும். கேமராவையும் லென்ஸையும் வாடகைக்கு எடுக்கலாம். சீசன் முடிந்தும் ஆசை குறையாமல் இருந்தால், சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமலே கடன் கேட்கலாம். சிஷு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் ஐந்து லட்சம் வரை. அதற்கு உதவும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நேரில் வரும்போது தம்பி எடுத்ததில் அழகான பத்துப் படங்களைக் கொண்டுவர வேண்டாம். ஏதாவது ஒரு காதுகுத்தோ வளைகாப்போ, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, ஒன்றையும் அழிக்காமல் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவரட்டும். எதை விட்டார், எங்கே தடுமாறினார் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.