ஆலமரத்துக்குள் இருக்கும் இரும்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் சுதை வேலை செய்து வருகிறேன். கடற்கரையை ஒட்டிய பள்ளி ஒன்றின் முற்றத்தில் பத்தடி உயர ஆலமரச் சிற்பம் ஒன்றைச் சிமென்ட்டில் செய்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஐந்தடி நீளும் கிளைகளும் வேண்டுமாம். 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை வளைத்து, கோழி வலை சுற்றிப் பூசினால் போதுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: போதாது. பூச்சு காய்வதற்கு முன்பே கிளை தொங்கிவிடும். பூச்சோடு சேர்த்துப் பத்து சென்டிமீட்டர் பருமன் வரும் கிளையில் இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசினால், ஐந்தடி நீளத்துக்குச் சாந்தின் எடை மட்டும் சுமார் 20 கிலோ வரும். அந்த எடை கிளையின் நடுவில் குவிந்திருப்பதாகக் கொண்டால், கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் விழும் வளைவிசை சுமார் 15 கிலோ-மீட்டர் (எடையைக் கிலோவிலும் தூரத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கிய அளவு). ஒற்றை 12 மில்லிமீட்டர் கம்பியோ ஏறத்தாழ அதில் பாதிக்கே நிரந்தரமாக வளைந்துவிடும்.

இது பள்ளி முற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. 40 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை கிளையின் நுனியைப் பிடித்துத் தொங்கினால் வளைவிசை இன்னும் 60 கிலோ-மீட்டர் கூடும். ‘ஏறாதீர்கள்’ என்று பலகை வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. ஆகவே நீண்ட கிளை ஒவ்வொன்றுக்கும் நடுத்தண்டாக ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கனமான இரும்புக் குழாயை வைத்து, அதை அடிமரத்தின் பெரிய குழாயோடு முக்கோணத் தகடு கொடுத்துப் பற்றவையுங்கள். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும் என்பதால், கறுப்புக் குழாயே நல்லது. முறுக்குக் கம்பிகள் உருவம் கொடுப்பதற்குத்தான். அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டாமல், வளையங்களின் மேல் விலக்கி வைத்துக் கூண்டாகக் கட்டினால், அதே இரும்பு பல மடங்கு விறைப்புத் தரும்.

உங்களுக்கு வாய்த்தது ஆலமரம் என்பது பெரிய வசதி. விழுதுகளை அழகுக்காகப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், கம்பிக்கூடு கட்டும்போதே கிளையின் நுனிப்பக்கத்திலிருந்து தரை வரை குழாயாக இறக்கி, கீழே கான்கிரீட்டில் ஊன்றிவிடுங்கள். பார்ப்பவருக்கு விழுதாகத் தெரிவது கிளைக்குத் தூணாக நிற்கும். விழுது இல்லாத கிளைதான் எடுப்பாக இருக்கும் என்று பள்ளியார் சொன்னால், மேலே உள்ள கணக்கை அவர்களுக்கே காட்டுங்கள்.

அடித்தளத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதிகளின்படி சென்னைக்குரிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் விழும். மேற்பகுதி மூன்று சதுர மீட்டர் அளவுக்குக் காற்றை மறித்தால், 450 கிலோ விசை தலைமாட்டில் தள்ளுவதற்குச் சமம். எட்டடி உயரத்தில் தள்ளும் அந்த விசையை, ஒரு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள கான்கிரீட் கட்டி தன் 2,400 கிலோ எடையால் மட்டுமட்டாகத்தான் தாங்கும். பாதுகாப்புக்கென்று மிச்சம் எதுவும் இராது. ஆகவே இலைக்கொத்துகளைப் பூசி மூடாமல் காற்று ஊடுருவும்படி விடுங்கள். அடித்தளத்தின் அளவையும், அடிமரக் குழாயின் கீழ் வரும் அடித்தகட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். அந்தச் செலவை விலைப்பட்டியலில் தனி வரியாகவே எழுதுங்கள்.

கிளை பிரியும் இடங்களில், பிரிந்த கிளைகளின் குறுக்குப் பரப்புகளைக் கூட்டினால் தாய்க் கிளையின் பரப்பு வரும் என்று லியொனார்டோ டா வின்சி குறித்து வைத்திருக்கிறார். இயற்கையில் இது அச்சாக அமைவதில்லை என்றாலும், கூண்டு கட்டுவதற்கு நல்ல அளவுகோல்: இரண்டாகச் சமமாகப் பிரியும் கிளை ஒவ்வொன்றும் தாய்க் கிளையின் விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு இருக்கட்டும். கண்ணுக்கு மரம் மரமாகத் தெரிவதற்குப் பட்டையின் வரிகளைவிட இந்த விகிதமே அதிகம் உதவுகிறது.

வலை இரண்டு சுற்றாவது வேண்டும். கட்டுக்கம்பியின் முனைகளை உள்நோக்கி மடக்கிவிடுங்கள், ஏனென்றால் வெளியே நீட்டிய முனையிலிருந்துதான் உப்புக் காற்றில் துரு தொடங்கும். வலையின் மேல் சாந்து எங்கும் மெலிந்துவிடக் கூடாது. பூசும் முன்பு, வெறுங்கூண்டாக நிற்கும் நிலையிலேயே பள்ளியாரை அழைத்துக் காட்டி, எழுத்தில் சம்மதமும் இரண்டாம் தவணைப் பணமும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளையை ஒரு சாண் திருப்ப வேண்டுமென்றால் அன்றைக்கு அது அரை நாள் வேலை. பூசிய பிறகு இடித்துத்தான் திருப்ப வேண்டும்.

கேள்வி: ஒன்றரை அடி உயரத்தில் மர மாதிரி ஒன்றைக் களிமண்ணில் செய்கிறேன். கம்பியை விட்டு மண் வழுக்கி இறங்கிவிடுகிறது. செய்து முடித்ததைச் சூளையில் சுடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கம்பியோடு சுட முடியாது. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. சூளைக்குப் போகும் முன்பே வெடித்துவிடும். சுட்ட சிற்பம்தான் வேண்டுமென்றால், அச்செடுத்து உள்ளீடற்ற உருவமாக வார்த்துச் சுடுங்கள். வழுக்குவதைத் தடுக்க, ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக இரண்டு அலுமினியக் கம்பிகளை முறுக்கிப் பயன்படுத்துங்கள். அடிமரம் பருமனாக இருக்கும் இடத்தில், இரண்டு சிறு மரக்குச்சிகளைச் சிலுவையாகக் கட்டி மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு மண்ணுக்குள் புதைத்தால், அவை மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.